கோயிலில் பாடுகிறவருக்கு ஓர் இடமும் சம்பளமும் வேண்டும்

பத்திரிகை ஆசிரியர் அவர்கட்கு,

ஐயா,

கோயில்களில் திருமுறை பாட இப்போது ஆட்கள் கிடைப்பதில்லை, ஆகையால் நல்ல ஓதுவார்கள் பாடிய ஒலிப்பதிவுகளைக் காலையும் மாலையும் ஒலிபெருக்கியில் போட்டாலே போதும் என்று வாசகர் ஒருவர் தங்கள் பத்திரிகையில் அண்மையில் எழுதியிருந்தார். அவர் நல்லெண்ணத்தோடுதான் எழுதியிருக்கிறார். சினிமா மெட்டில் வரும் பக்திப் பாட்டுகளைக் கேட்டுச் சலித்தவர் போலும், அதற்குத் தேவாரம் எவ்வளவோ மேல் என்று நினைக்கிறார். ஆனால் பள்ளிக்கூடங்களில் சங்கீதம் படிப்பித்தே ஓய்வுபெற்றவள் நான். அவர் சொல்லும் வழியில் போனால் இன்னும் ஒரு தலைமுறையில் எங்களிடம் ஒலிப்பதிவு மட்டும்தான் இருக்கும் என்பதை எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்களைப் போலவே கோயிற் பாட்டை உயிராக மதிக்கும் இன்னொரு சமூகம் தன் பழைய பாடுமுறையில் பெரும்பங்கை இழந்து, இப்போது அதைத் தேடித் தேடிச் சேர்க்கிறது. சீக்கியரைத்தான் சொல்கிறேன்.

என் மகள் லண்டனில் இருக்கிறாள். அவளோடு போய் நின்ற காலத்தில் பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மா என்னைத் தங்கள் கோயிலான குருத்வாராவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். தலையை மூடிக்கொண்டு கம்பளத்தில் எல்லாரோடும் இருந்து கேட்டேன். மொழி விளங்காவிட்டாலும் பாடியவர் ராகத்தை எடுத்த விதத்திலேயே இது சும்மா பஜனை இல்லை என்று தெரிந்தது. பிறகு அந்த அம்மாவைக் கேட்டும், வாசித்தும் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

சீக்கியரின் வேதநூலான குரு கிரந்த் சாகிப்பின் முதல் வடிவத்தைத் தொகுத்தவர் ஐந்தாவது குருவான அர்ஜன். 1604இல் அது அமிர்தசரஸ் பொற்கோயிலில் வைக்கப்பட்டது. இன்றைய அச்சில் 1430 பக்கம். அன்றாட வழிபாட்டுக்குரிய பகுதிகள் முதலில் வரும். அதன் பிறகு நூலின் மிகப் பெரும்பகுதி ராகவாரியாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஸ்ரீராகத்தில் தொடங்கி ஜைஜாவந்தி வரை 31 ராகங்கள். ஒவ்வொரு பாட்டின் தலைப்பிலும் ராகத்தின் பெயர் உண்டு, எந்த வரியைப் பல்லவியாகத் திரும்பப் பாடவேண்டும் என்ற குறிப்பும் உண்டு. குருமாரின் பாட்டுகளோடு கபீர், நாமதேவர், ரவிதாசர், சூபி ஞானி ஷேக் பரீத் ஆகியோரின் பாட்டுகளும் அதே ராக ஒழுங்குக்குள் இருக்கின்றன. ஒரு பாட்டு நடுவிலே தாளம் மாறிப் போகும் 'பர்தால்' என்ற வகையும் இருக்கிறது. எங்கள் இணுவில், அளவெட்டித் தவில் வித்துவான்கள் கேட்டால் விடிய விடிய இருந்து கணக்குப் பார்ப்பார்கள்!

இதை அறிந்தபோது சம்பந்தர் தேவாரத்தைத்தான் நினைத்தேன். முதல் மூன்று திருமுறையையும் பண்முறையில், அதாவது பழந்தமிழ் ராக ஒழுங்கில்தான் அடுக்கியிருக்கிறார்கள். முதலாம் திருமுறை நட்டபாடையில் தொடங்கி யாழ்மூரியில் முடிகிறது. சமய நூலைப் பாட்டின் இலக்கணத்தால் அடுக்கும் இந்த வழக்கம் உலகத்தில் எத்தனை பேரிடம் இருக்கும்?

ஒற்றுமை அதோடு நிற்கவில்லை. குரு நானக்கோடு ஊர் ஊராய் நடந்து, அவர் பாடப் பாட ரபாப் என்ற தந்தி வாத்தியம் வாசித்தவர் பாய் மர்தானா. முஸ்லிம், பாணர் தொழில் செய்யும் மிராசிக் குடியில் பிறந்தவர். எங்கள் பக்கத்தில் சம்பந்தப் பிள்ளையாரோடு நடந்து யாழ் வாசித்தவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட குடியில் பிறந்தவர். திருநீலநக்கர் வீட்டில் தங்கிய இரவு, பாணருக்கும் அவர் மனைவி மதங்கசூளாமணியாருக்கும் இடம் கொடுக்கும்படி சம்பந்தர் கேட்க, வேள்வித் தீ எரியும் வேதிகைக்குப் பக்கத்திலேயே நீலநக்கர் இடம் கொடுத்தார் என்று பெரிய புராணம் சொல்கிறது. இரண்டு மரபுக்கும் பாட்டைக் கொண்டுவந்து சேர்த்தவர்கள் இப்படிப்பட்டவர்கள்தான்.

மர்தானாவுக்குப் பிறகு, ரபாபிகள் எனப்பட்ட முஸ்லிம் பாடகர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் குருமார் முன்னிலையிலும் பிறகு பொற்கோயிலிலும் பாடிவந்தன. அவர்களில் சத்தா, பல்வந்த் என்ற இருவர் பாடியது வேதநூலுக்குள்ளேயே ராம்கலி ராகத்தின் கீழ் இடம்பெற்றிருக்கிறது. எந்தப் பாட்டை எந்தப் பழைய மெட்டில் எடுப்பது, எந்த ராகத்தை எந்த வேளைக்குப் பாடுவது என்பதெல்லாம் அவர்கள் வாயிலும் கையிலும் இருந்தன. 1947இல் பஞ்சாபைப் பிரித்தார்கள். ரபாபிகள் முஸ்லிம்கள் என்பதால் பாகிஸ்தான் பக்கம் போக நேர்ந்தது. அங்கே குருத்வாராக்கள் இருந்தன, பாடச் சொல்லி அழைக்கச் சீக்கியர் இருக்கவில்லை. இந்தியப் பக்கத்தில் கோயிலும் சனமும் இருந்தும் அந்த வாய்கள் இருக்கவில்லை. பாட்டில் ஓர் எழுத்துக் கூட அழியவில்லை, 31 ராகத்தின் பெயரும் அச்சில் அப்படியே இருந்தது. அப்படியிருந்தும் எத்தனையோ பழைய மெட்டுகள் அந்த ஒரு தலைமுறையோடு போய்விட்டன.

வாசக அன்பர் இந்த இடத்தைக் கொஞ்சம் யோசிக்கவேண்டும். எங்கள் கதையிலும் இதுதான் இருக்கிறது. தில்லையில் பூட்டியிருந்த அறையைத் திறந்து, கறையான் அரித்தது போக மிஞ்சிய ஏடுகளை எடுத்த ராஜராஜனுக்கும் நம்பியாண்டார் நம்பிக்கும் பாட்டுக் கிடைத்தது, பண் கிடைக்கவில்லை. அதற்குத் திருஎருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணைத் தேடிப் போகவேண்டியிருந்தது. அவள் பாடிக் காட்டித்தான் பண் வகுத்தார்கள் என்று திருமுறை கண்ட புராணம் சொல்கிறது. அந்தப் பெண் அன்று இல்லாவிட்டால்?

ஒலிப்பதிவு இருக்கிறதே, அன்று அது இல்லையே என்று கேட்கலாம். ஒலிப்பதிவைக் கேட்டு ஒருவர் அதே பதிகத்தை அதே மாதிரிப் பாடலாம். அந்தப் பண்ணில் வேறொரு பதிகத்தைப் பாட அது சொல்லிக்கொடுக்காது. பிழையாகப் பாடினால் நிறுத்தாது. லண்டன் குருத்வாராவில் கீழ்மாடி அறையொன்றில் பிள்ளைகளுக்குத் தில்ருபா பழக்கிக்கொண்டிருந்தார்கள். அதை எட்ட நின்று பார்த்தேன். வில்லால் வாசிக்கும் தந்தி வாத்தியம் அது. வில் படும் தந்திகளுக்குப் பக்கத்தில், வில் படாமலே தாமாக அதிரும் மெல்லிய தந்திகள் ஒரு வரிசை இருக்கின்றன. பத்து வயது மதிக்கத்தக்க பெண்பிள்ளை ஒன்று முழங்காலில் இருந்து, வாத்தியத்தை இடத்தோளில் சாய்த்து வாசித்தது. வாத்தியார் ஒரு வரி பாடுவார், பிள்ளை வாசிக்கும். காந்தாரச் சுரம் கொஞ்சம் ஏறி நின்றது. அவர் விரலைப் பிடித்து நகர்த்தவில்லை, 'பிழை' என்று சொல்லவுமில்லை. திரும்பவும் அந்த வரியைப் பாடி, காந்தாரத்தில் கொஞ்சம் கூட நின்றார். பிள்ளை கண்ணை மூடியது. மூன்றாவது தரமோ நாலாவது தரமோ அந்தச் சுரம் சரியாக இறங்கியபோது பக்கத் தந்திகள் எல்லாம் சேர்ந்து முழங்கின, பிள்ளைக்கே திடுக்கிட்டது. வாத்தியார் தலையை ஆட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போனார். காகிதம் ஒன்றும் முன்னால் இல்லை.

இதற்கு யார் காசு கொடுக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டு அம்மாவை விட்டுக் கேட்டேன். வாத்தியாருக்குக் குருத்வாராவே சம்பளம் கொடுக்கிறதாம். பழகிய பிள்ளைகளுக்கு ஞாயிறுகளில் சபைக்கு முன்னால் முறை வரும். அந்த முறைக்காகத்தான் பிள்ளைகள் விடாமல் வருகின்றன என்றார் வாத்தியார்.

ஆர்மோனியத்தைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் எங்கள் பண்ணிசை வகுப்புகளிலும் பஜனைகளிலும் அதுதான் இருக்கிறது. பஞ்சாபில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நுழைந்த ஆர்மோனியம் மெல்ல மெல்ல ரபாப், சரந்தா, மயில் வடிவில் செய்த தாவூஸ், தில்ருபா எல்லாவற்றையும் ஓரங்கட்டியது. சுருதி கூட்டும் வேலை இல்லை, விலை குறைவு, சுலபமாகப் பழகலாம், பாடிக்கொண்டே வாசிக்கலாம். சாதாரண சனம் ஊர் ஊராகக் கீர்த்தனை பாடியதற்கு அதுதான் துணை, அந்த நன்றியை மறக்கக் கூடாது. ஆனால் கட்டைகள் நிலையாக நிற்பதால் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகவோ கமகம் பிடிக்கவோ முடியாது. பாடுகிறவரின் காதும் நாளடைவில் அந்தக் கட்டைக்குள் அடங்கிவிடுகிறது. அகில இந்திய வானொலி 1940 தொடக்கம் பல வருடம் ஆர்மோனியத்தை விலக்கி வைத்ததற்கும் இந்த வாதமே அடிப்படை. 2022இல் சீக்கியரின் உயர்பீடமான அகால் தக்தின் தலைவரான ஜத்தேதார், மூன்று வருடத்துக்குள் பொற்கோயில் கீர்த்தனையிலிருந்து ஆர்மோனியத்தைப் படிப்படியாக விலக்கித் தந்தி வாத்தியங்களைக் கொண்டுவரும்படி குருத்வாராக்களை நிர்வகிக்கும் சிரோமணி குழுவைக் கேட்டார். ஆர்மோனியத்தோடு வளர்ந்த பாடகர்களிடமிருந்து எதிர்ப்பும் வந்தது, அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. இங்கே நான் கவனிப்பது, அந்த முடிவைக் கோயில் எடுத்தது என்பதை. போட்டி வைத்துச் சான்றிதழ் கொடுத்து அனுப்பாமல், தன் சன்னிதியில் தினமும் பாடுகிற வேளைக்குள்ளேயே அந்த வாத்தியங்களுக்கு இடம் தேடுகிறது.

அந்த வேளைகள் அங்கே ஒழுங்காக இருப்பதால்தான் இப்படி ஒரு முடிவை எடுக்கவும் முடிகிறது. பொற்கோயிலில் விடியமுன் தொடங்கி இரவு வரை பாடகர் குழுக்கள் முறை மாறி மாறிப் பாடுகின்றன. விடியப்புறத்தில் ஆசா ராகத்து 'வார்' என்ற நெடும்பாட்டு, பிறகு அந்தந்தப் பொழுதுக்குரிய ராகங்கள். அவர்களிடமும் குறை உண்டு. பொற்கோயிலின் உள்ளே பெண்கள் கீர்த்தனை பாட இடம் கொடுக்கவேண்டும் என்று 2019இல் பஞ்சாப் சட்டசபையே தீர்மானம் நிறைவேற்றிக் கேட்க வேண்டியிருந்தது. அதில் அவர்களைப் பின்பற்றச் சொல்லமாட்டேன்.

தனி ஆட்களின் உழைப்பும் பெரியது. பல தலைமுறையாகக் கீர்த்தனை பாடிவந்த குடும்பத்தைச் சேர்ந்த பாய் அவ்தார் சிங், பாய் குர்சரண் சிங் சகோதரர்கள் தங்களுக்குத் தெரிந்த நூற்றுக்கணக்கான பழைய மெட்டுகளைச் சுரப்படுத்தி, பட்டியாலாப் பஞ்சாபிப் பல்கலைக்கழகம் அச்சிட்டது. அதே குடும்பத்துப் பிந்திய தலைமுறையைச் சேர்ந்த பாய் பல்தீப் சிங் வயதானவர்களைத் தேடிப்போய்ப் பாட்டு மட்டுமல்லாமல், ரபாப் போன்ற வாத்தியங்களைச் செய்யும் வேலையையும் பழகினார். நாம்தாரி என்ற சீக்கியப் பிரிவினரின் தலைவராக இருந்த சத்குரு ஜக்ஜித் சிங் பஞ்சாபில் உள்ள பைணி சாகிப்பில் பிள்ளைகளைத் தந்தி வாத்தியங்களில் பழக்கினார்.

எங்களிடம் வருகிறேன். எங்களுக்கு இருக்கும் வசதியும் பெரியது. பூசை முடிவில் பஞ்சபுராணம் பாடாத கோயில் யாழ்ப்பாணத்தில் இல்லை என்றே சொல்லலாம். தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரிய புராணம் ஐந்தும் தினமும் சொல்லப்படவேண்டும் என்ற வழக்கம் இங்கே வேரூன்றி நிற்கிறது. கந்தபுராணப் படிப்பில் ஒருவர் ராகத்தோடு வாசிக்க மற்றவர் பயன் சொல்லும் முறை இன்னும் சில ஊர்களில் நடக்கிறது. திருவெம்பாவைக் காலத்தில் விடியப்புறம் சங்கும் சேமக்கலமுமாகப் பாடிக்கொண்டு தெருவில் போகிறோம். வேளை இருக்கிறது, இடம் இருக்கிறது, பாட்டு இருக்கிறது. போரும் இடப்பெயர்வும் எங்களை அலைத்தன. 1990இல் வலிகாமம் வடக்கு, 1995 ஒக்டோபரில் வலிகாமம் முழுவதும் எழும்பிப் போனபோது கோயில்களோடு கட்டுண்டிருந்த பாட்டுக்காரரும் மேளக்காரரும் சிதறினார்கள். பலர் திரும்பி வரவேயில்லை, கனடாவிலும் சுவிசிலும் இருக்கிறார்கள். அப்படியிருந்தும் மிஞ்சியது கொஞ்சமில்லை.

பண்களைப் பகலுக்குரியவை, இரவுக்குரியவை, எப்போதும் பாடக்கூடியவை என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். திருக்கோணமலைப் பதிகம் புறநீர்மைப் பண். இன்று அதைப் பூபாளத்தில் பாடுகிறோம், விடியற்காலைக்குரியது. எங்கள் நாட்டுத் தலத்துப் பதிகம், எங்கள் விடியலுக்கென்றே அமைந்தது போன்ற பண். எங்களுடைய ஊருக்குப் பக்கத்துக் கோயில் ஒன்றில் காலை ஐந்து மணிக்குப் பென்டிரைவில் போகிறது மேகராகக்குறிஞ்சி. அதாவது நீலாம்பரி. பள்ளியறையில் சுவாமியை உறங்கவைக்கும் ராகத்தால் சுவாமியை எழுப்புகிறோம். போடுகிற தம்பியில் பிழையில்லை, வரிசையில் முதலில் கிடந்ததை அழுத்துகிறார். அந்தக் கோயில் நிர்வாகத்தில் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "ரீச்சர், பென்டிரைவ் எண்டா ஒருநாளும் பிந்தாது, சம்பளம் கேக்காது, குரலும் அடைக்காது. ஆரைப் பிடிச்சுக்கொண்டு வரச் சொல்லுறியள்?" என்றார். அதே கோயிலில் தவிலுக்குப் பதிலாக மின்சாரத்தில் அடிக்கும் மணியும் பறையும் சேர்ந்த இயந்திரம் ஒன்று சுவரில் பூட்டியிருக்கிறது. தீபாராதனைக்கு ஐயர் திரும்புமுன் ஆளியை அழுத்துவார்கள்.

'ஆரைப் பிடிச்சுக்கொண்டு வாறது' என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கிறது. மருதனார்மடத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நுண்கலைப் பிள்ளைகள் சங்கீதம் படித்து வருடா வருடம் வெளியே வருகிறார்கள். வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சையில் தேறிய சான்றிதழ் எத்தனையோ வீட்டுச் சுவர்களில் தொங்குகிறது. நான் படிப்பித்த பிள்ளைகளில் நல்ல குரல் உள்ள சிலர் இன்று கணக்கு ரியூசன் கொடுக்கிறார்கள், ஒருத்தி புடைவைக் கடையில் நிற்கிறாள். பள்ளிக்கூடத்தில் பண்ணிசைப் போட்டிக்கு ஒரு பதிகத்தை மனப்பாடம் பண்ணி, கிண்ணம் வாங்கி, அதோடு விட்டுவிட்டார்கள். தொடர்ந்து பாடினால் எங்கே போய்ப் பாடுவது, அதனால் என்ன கிடைக்கும் என்று கேட்ட பிள்ளைக்கு என்னால் பதில் சொல்ல முடிந்ததில்லை.

ராஜராஜன் பதில் வைத்திருந்தான். ஏட்டை எடுத்ததோடு அவன் நிற்கவில்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதிகம் விண்ணப்பம் செய்ய 48 பேர், உடுக்கைக்கு ஒருவர், கொட்டிமத்தளத்துக்கு ஒருவர் என்று 50 பேரை நியமித்து, ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்கு முக்குறுணி நெல் என்று கல்லிலே வெட்டி வைத்தான். ஒருவர் இறந்தாலோ ஊர் விட்டுப் போனாலோ அந்த இடத்துக்கு யார் வருவது என்பதற்குக் கூட ஒழுங்கு வைத்தான். தேவாரம் இன்று எங்கள் வாயில் இருப்பதற்கு அந்த நெல்லும் ஒரு காரணம்.

எங்கள் தர்மகர்த்தா சபையினரும் பரிபாலன சபையினரும் 50 பேரை வைக்கவேண்டாம், ஒருவரை வைக்கட்டும். காலைப் பூசைக்கும் மாலைப் பூசைக்கும் வந்து, அந்தப் பொழுதுக்குரிய பண்ணில் பாட ஒரு பிள்ளை, மாதச் சம்பளத்தோடு. ஐயருக்கும் மேளத்துக்கும் கணக்கில் ஒரு வரி இருப்பது போல இதற்கும் ஒரு வரி இருக்கட்டும். கொடியேறினால் மின்விளக்கு அலங்காரத்துக்கும் வாணவேடிக்கைக்கும் உபயகாரர் போட்டி போடுகிறார்கள், வெளிநாட்டிலிருந்தும் காசு வருகிறது. ஓர் உபயகாரர் தன் பிள்ளையின் பெயரில் ஒரு வருடத்துப் பாட்டை ஏற்றுக்கொள்ளலாம். பாடும் அந்தக் கால்மணித்தியாலம் ஒலிபெருக்கியை நிற்பாட்டி வையுங்கள். பக்கத்தில் நிற்கிற நாலு பிள்ளையாவது கேட்டுக் கூடப் பாடும். பிள்ளை ஆணா பெண்ணா, எந்தத் தெருவில் பிறந்தது என்று பார்க்கவேண்டாம். திருநீலகண்ட யாழ்ப்பாணருக்கு வேதிகை அருகே இடம் கொடுத்ததையும், பண் தெரிந்த பெண்ணை அரசனே தேடிப் போனதையும் சன்னிதியில் பாராயணம் செய்கிறவர்கள் நாங்கள்.

வயதானவர்களைப் பற்றியும் ஒரு வேண்டுகோள். புராணப்படிப்பின் பழைய ராகங்கள், ஊருக்கு ஊர் வேறுபடும் திருவூஞ்சல் மெட்டுகள், நாதஸ்வரத்தில் சுவாமி வெளிவீதி சுற்றும்போது எந்தச் சந்தியில் எதை வாசிப்பது என்ற ஒழுங்கு, இவை தெரிந்தவர்கள் எண்பதைத் தாண்டியும் இன்னும் எங்கள் நடுவில் இருக்கிறார்கள். அவர்களைப் பதிவு செய்யுங்கள், மிகவும் நல்லது. ஆனால் பதிவு செய்யப் போகும்போது கூடவே ஒரு பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய் முன்னால் இருத்துங்கள். மேளக்காரக் குடும்பங்களின் பிள்ளைகள் இந்தத் தொழிலை விட்டுப் போவதற்குச் சம்பளம் மட்டும் காரணமில்லை, நாங்கள் அவர்களை நடத்திய விதமும் காரணம். கச்சேரி நடக்கும்போது தலையாட்டி ரசித்துவிட்டு, பந்தியில் வேறாக இருத்திய காலத்தை நானே கண்டிருக்கிறேன்.

எங்கள் பகுதியில் எந்தக் கோயிலாவது ஒரு பிள்ளையைத் தெரிந்து சம்பளம் கொடுக்க முன்வந்தால், அந்தப் பிள்ளைக்குப் பண்களை அந்தந்த வேளைக்குரிய முறையில் பழக்கிவிட நான் ஆயத்தமாக இருக்கிறேன். எனக்குக் காசு வேண்டாம். சனி, ஞாயிறு பின்னேரங்களில் என் வீட்டு விறாந்தையில் இடம் இருக்கிறது, தம்புராவும் இருக்கிறது. ஓய்வுபெற்ற மற்றச் சங்கீத ஆசிரியர்களும் தங்கள் ஊர்களில் இதற்கு முன்வருவார்கள் என்று நம்புகிறேன். விருப்பமுள்ள நிர்வாகத்தினர் தங்கள் பத்திரிகைக்கு எழுதினால் கடிதத்தை எனக்கு அனுப்பிவைக்கும்படி தங்களை வேண்டுகிறேன். திருவெம்பாவைக்கு முன்னரே ஒரு கோயிலிலாவது தொடங்கவேண்டும் என்பது என் ஆசை.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற சங்கீத ஆசிரியை,
கோண்டாவில்.